சீத்தாப்பழம் யாருடையது

ஐப்பசி 4, திங்கள்

மழை. விடியலில் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் கப்பல் விடலாம். துறைமுக அதிகாரி வேலைக்கு அழைத்தால் மறுக்கமாட்டேன்.

பத்து மணிக்கு வக்கீலம்மா போன். அடுத்த வாரம் வியாழன், சென்னையில் சமரசப் பேச்சு. தாமோதரனும் வருவானாம். "ஒப்பந்தத்தோட ஒரிஜினல் கண்டிப்பா கொண்டு வாங்க சார். நம்மகிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்."

கேஸ் முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதி வரவேண்டுமாம். பதினைந்து வருட மகாயுத்தம், ஒரே பக்கம்! முயற்சி:

1. சீத்தாப்பழம் இன்னிசைக் குழு, சேரப்பணஞ்சேரி. கல்யாணம், காதுகுத்து, ஆடிக்கூழ், கம்பெனி ஆயுத பூஜை. முப்பது வருடம். நிறுவனர், முதன்மைப் பாடகர், வேன் டிரைவர், சக்கரவர்த்தி எல்லாம் ஏகாம்பரமாகிய நானே.

2. தாமோதரன். எங்கள் மைக்செட் ஆள். ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பான். கரண்ட் அவனைப் பார்த்துப் பயப்படும். பிறகு தனியே போனான், ஆம்ப்ளிபயர் செய்தான், இன்று ஒரகடத்தில் கம்பெனி. பெயர் சீத்தா டெக்னாலஜீஸ். வாசலில் எங்கள் வேனில் இருக்கும் அதே பழச் சின்னம். (இனி இந்த நோட்டில் அவன் 'தா.' மட்டும். முழுப்பெயருக்கு மை வீண்.)

3. முதல் சண்டை. ஊரார் நடுவில் ஒப்பந்தம். பாட்டும் மெட்டும் எனக்கு, மெஷின் அவனுக்கு. என் பழத்துக்கு இலை உண்டு, அவன் பழத்துக்கு இலை கிடையாது. அவன் இசைக்குள் வரக்கூடாது, நான் மெஷினுக்குள் போகக்கூடாது. (நான் மிக்சியைக் கூடத் தொடுவதில்லை. ஒப்பந்தத்துக்கு அவ்வளவு மரியாதை.)

4. இப்போது தா. ஒரு ஷிப்ட் மணி செய்து கம்பெனி கம்பெனியாக மாட்டுகிறான். சங்கு ஊதுவதற்குப் பதில் இசை வருமாம். அதோடு நிற்கவில்லை. பழத்தை இசைக்கும் சேர்த்துத் தன் பெயரில் பதிவு செய்ய மனுப் போட்டிருக்கிறான். எனக்கு நோட்டீஸ்: வேனில், போஸ்டரில், பேனரில் பெயரை எடு.

அவ்வளவுதான் சங்கதி. என்னை இந்த ஊரில் தபால்காரர் கூட ஏகாம்பரம் என்று கூப்பிடுவதில்லை. 'சீத்தாப்பழம் வூடு' என்றால்தான் ஆட்டோ வரும். பெயர் போனால் நான் யார் என்று ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயில். சதி.

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைத்துத் திரும்பப் பூட்டியது. நாலாக மடித்த முத்திரைத்தாள். பிரித்தால், தா. கையெழுத்துப் போட்ட இடத்தில் ஓட்டை. சுற்றிலும் துருப்பிடித்த நிறத்தில் வளையம். பக்கத்தில் சாட்சிகள் இருவர் கையெழுத்து, அதுவும் காலி. சாட்சிகளும் காலமாகிவிட்டார்கள். மேல்பாதியில் என் கையெழுத்து மட்டும் புதுமாப்பிள்ளை போல் அப்படியே.

ஆசிட். சந்தேகமே இல்லை. வெளிநாட்டு ஆசிட்.

சரோஜா எட்டிப் பார்த்தாள். "பூச்சி தின்னுருக்கும்யா."

"பூச்சிக்கு எதிராளி கையெழுத்து மட்டும் ருசியா இருக்குமா?"

"உன் கையெழுத்து கசந்துருக்கும்."

முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியம்.

சந்தேகப் பட்டியல் (ரகசியம்):

அ) செல்வம், கீபோர்டு. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான். நன்றாகப் பார்க்கவாம். எதைப் பார்க்க?

ஆ) சரோஜா. பீரோச் சாவி அவள் இடுப்பில். கச்சேரி ஒழியவேண்டும் என்று வேண்டாத சாமியில்லை.

இ) தா.வே, மாறுவேடத்தில். போன மாதம் சிலிண்டர் போட வந்த ஆளின் மீசை ஒட்டவைத்தது போல் இருந்தது.

ஈ) வசந்தி.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் நீதி என்று ஒன்று உண்டு. வசந்தி என் அக்கா மகள். வேலை, சாட்சாத் சீத்தா டெக்னாலஜீஸில். குவாலிட்டி செக்கிங். இரண்டு வருடமாக டிரெய்னி, இன்னும் பத்து நாளில் நிரந்தர வேலைக் கடிதம். ஆயுத பூஜையன்று பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துத் தந்ததும் அவள். பூஜை முடிந்து உள்ளே வைத்ததும் அவள்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. (மூன்று தோசை மட்டும்.)

ஐப்பசி 7, வியாழன்

தூறல். துப்பறியும் பணி.

காலை, டீக்கடையில் செல்வத்தை விசாரித்தேன். எடுத்தவுடன் கேட்கவில்லை, சுற்றி வளைத்தேன். "ஆசிட் எங்கடா கிடைக்கும்?"

"பாத்ரூம் கழுவறதுக்காண்ணே?"

நடிகன். அல்லது நிரபராதி. பட்டியலில் இருக்கட்டும்.

மதியம் ஒரகடம். தா. கம்பெனி எதிரே குடைக்குள் தலையை விட்டு நின்றேன். இரண்டரைக்கு ஷிப்ட் மாற்றம். கம்பெனி பஸ்கள் வரிசையாக, பஞ்சு மிட்டாய் நிற யூனிபார்மில் பெண்கள். அப்போது கேட்டில் இருந்த பெட்டி பாடியது.

எட்டு ஸ்வரம். எங்கள் எட்டு ஸ்வரம்! கச்சேரிக்கு முன்னால் மைக் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்ப்போமே, அது. நானே போட்டது. பந்தலில் ஆள் வருவதற்கு முன், நான் மேடையில், தா. கீழே ஆம்ப்ளிபயரைத் திருகிக்கொண்டு. "இன்னொருவாட்டி வாசிண்ணே, கொர்ருங்குது" என்பான். பத்து வருடம், கச்சேரி தவறாமல், அவன் ஒருவனுக்காகத்தான் அதை வாசித்தேன்.

அந்தத் திருட்டு இசைக்கு ஆயிரம் பேர் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். (ஒரு முந்நூறு இருக்கும்.) ஒரு பெண் முணுமுணுத்துக்கொண்டே போனாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொன்றும் வந்தது, அதை எழுதமாட்டேன்.

பிறகு கண்டேன் அந்தக் கொடிய காட்சியை. கேட்டுக்கு உள்ளே தா., வழுக்கை மின்ன. எதிரே வசந்தி. அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை, தலையை ஆட்டிக்கொண்டு.

எல்லாம் விளங்கிவிட்டது.

ஐப்பசி 8, வெள்ளி

வானம் மூட்டம்.

வசந்தி வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பு என்றால் அவளுக்கு உயிர். தட்டில் போட்டுப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். பேரரசருக்குப் பொறுமை இல்லை.

"முதலாளியாண்ட இன்னா சிரிப்பு?"

"எந்த முதலாளி? எப்போ?"

"நேத்து. கேட்டாண்ட. நான் பார்த்துக்கினு இருந்தேன்."

"நீ ஏன் மாமா அங்க வந்தே? ...அவரா? உன்னப் பத்திதான் கேட்டாரு. உங்க மாமா இன்னும் ஸ்டேஜ்ல வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு ஆடறாரான்னாரு. சிரிச்சேன். அது தப்பா?"

"என்னப் பத்தி அவன் ஏன் கேக்கறான்? பேப்பரப் பத்தியும் கேட்டானா? கையெழுத்த அழிச்சாத்தான் கடுதாசின்னு சொன்னானா?"

எழுதும்போதே வாய் கசக்கிறது. ஆனால் சொன்னேன். பத்திரத்தை எடுத்து அந்த ஓட்டையை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன்.

வசந்தி கையைக் கழுவவில்லை. பிசைந்த கையோடு எழுந்து நின்றாள். "நான் திருடியா மாமா?"

 'இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை விட்டுவிட்டேன்.

போய்விட்டாள். ஹெல்மெட்டைக் கூட வண்டியில் மாட்டியபடியே ஓட்டிக்கொண்டு.

 சரோஜா தட்டை எடுத்து நாய்க்குப் போட்டாள். நாயும் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஐப்பசி 10, ஞாயிறு

நல்ல வெயில். மண்ணூரில் காதுகுத்துக் கச்சேரி, காலை. என் தொண்டை ஒத்துழைக்கவில்லை. செல்வமே எல்லாப் பாட்டையும் பாடினான். கூட்டம் கைதட்டியது. (செல்வம்: சந்தேகம் கூடுகிறது.)

திரும்பி வந்து சாமான்களை இறக்கும்போது சரோஜா வாயைத் திறந்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு.

"இந்த மைக்க எடு. இதுல பேரு எழுதியிருந்ததே, எங்க?"

மைக்கின் கழுத்தில் கம்பெனி பெயர் இருந்த இடம் வழுவழுவென்று. சுற்றிலும் துரு நிற வளையம்.

"கீபோர்டப் பாரு."

கீபோர்டில் நடுவில் இரண்டு பொத்தான். எழுத்து இல்லை. வளையம்.

"வண்டிச் சாவியப் பாரு. ஆர்சி புக்கு அட்டையப் பாரு. தவிலோட தோலப் பாரு. பூச வந்தா போதும். சந்தனத்தக் கரைச்சி, குங்குமத்தக் கொழச்சி, எல்லாத்து மேலயும் ரூபா அகலத்துக்குப் பொட்டு வெப்பே. ஈரம் காயறதுக்குள்ள மேல பூவு, அதுமேல தண்ணி. அந்தப் பேப்பர நீ எப்படி வெப்பே? மடிச்சது மடிச்சபடி. மேல தெரியற பக்கத்துல அடிச்சி மூணு பொட்டு. அவனுக்கு ஒண்ணு, சாட்சிக்கு ஒண்ணு ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி வெப்பே."

பத்திரத்தை மடித்துப் பார்த்தேன். பழைய மடிப்பு தானாக மடிந்தது. மேலே வரும் பக்கம்: தா., சாட்சி, சாட்சி.

பதினைந்து ஆயுத பூஜை. பதினைந்து முறை, என் கையால், பக்தி சிரத்தையோடு. ஜாடிக்கேற்ற மூடி போல் மிச்சத்தைச் சந்தனத்துக்கு வந்த பூச்சி தின்றிருக்கிறது.

சிரிக்கத்தான் முயன்றேன். சரோஜா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு சாப்பாட்டுலேர்ந்து எழுந்து போச்சியா."

சந்தேகப் பட்டியல் (திருத்தியது): உ) ஏகாம்பரம்.

ஐப்பசி 11, திங்கள்

மழை மறுபடியும். அக்கா வீடு.

வசந்திக்கு இரண்டாம் ஷிப்ட். கிளம்பத் தயாராக ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பத்திரத்தையும் மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பேசிப் பழகிய வாய், இன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வைத்திருந்தது. "தப்பு."

"யாரு தப்பு?"

"என்னுது."

"சரி." அவ்வளவுதான். 'பரவாயில்ல மாமா' வரவில்லை. எதிர்பார்த்தேன், வரவில்லை.

கேட்டுக்குப் போனவள் திரும்பி வந்தாள். போனை எடுத்து எதையோ தேடி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். படத்தில் அதே பத்திரம். கையெழுத்து மூன்றும் இருக்கிறது! தா.வின் கையெழுத்து மேல் லேசாக மஞ்சள், ஆனால் எழுத்து தெளிவு. அவள் டிப்ளமா முதல் வருடம், புதுப் போன் வாங்கியபோது வீட்டில் இருந்ததையெல்லாம் படம் எடுத்துத் தள்ளினாளாம். ஆட்டுக்குட்டி, அத்தை, பத்திரம்.

"ஞாயித்துக்கிழமையே பார்த்தேன். உனக்குக் காட்டக்கூடாதுன்னு இருந்தேன்."

"இப்ப?"

"இப்ப காட்டறேன். நான் திருடி இல்லன்னு வக்கீலுக்கும் தெரியட்டும்."

பஸ் வந்துவிட்டது.

வெற்றி! சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பை வரை பட்டாசு வெடிக்கவேண்டும். வெடிக்கவில்லை, மழை. என் மனசிலும் ஏனோ நமநமவென்று.

ஐப்பசி 12, செவ்வாய்

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். படம் கையில் இருப்பதைச் சொல்லவில்லை. யாரையும் நம்புவதற்கில்லை.

"ஒருவேள, சும்மா ஒரு பேச்சுக்கு, போன்ல எடுத்த படம் ஒண்ணு இருந்தா?"

"தாராளமா செல்லும் சார். ஆனா படம் எடுத்தவங்க கையெழுத்துப் போட்டுத் தரணும், இது என் போன்ல நான் எடுத்ததுன்னு. எதிர்த்தரப்பு கேட்டா நேர்ல வந்து சொல்லணும். யார் சார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல. சும்மா கேட்டேன்."

வசந்தியிடம் சொன்னேன். "போடறேன்" என்றாள். கொஞ்சம் கூட யோசிக்கவில்லை.

"கடுதாசி வர்ற நேரம். அவன் கம்பெனிக்கு எதிரா அவன் ஆளே கையெழுத்துப் போட்டா, உன்ன வெச்சிருப்பானா?"

"வெக்கமாட்டாரு."

"அப்புறம்?"

"நீ கேட்டே இல்ல, நான் யாரு பக்கம்னு? பாத்துக்கோ."

இதுதான். எனக்காகப் போடவில்லை. நான் அன்றைக்கு வீசியதை என் மேலேயே திருப்பி எறியப் போடுகிறாள். இரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கிய பெண். வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான். அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஐப்பசி 13, புதன்

மழை இல்லை. வேலை இல்லை. வேனைக் கழுவினேன். இரண்டு பக்கமும் பழம், இலையோடு. நாளைக்கு என்ன ஆகுமோ, இன்றைக்கு மினுக்கட்டும்.

ஐப்பசி 14, வியாழன்

சென்னை. வெயில் வேகவைக்கிறது.

வசந்தி லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். வண்டி ஓட்டும் பெண்கள் கட்டுவது போல் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் போல் பையில் ஆதார், பேனா, போன். எதிரே ஜூஸ் கடையில் உட்காரச் சொன்னேன். கூப்பிட்டால் மட்டும் வா.

அறை சின்னது. சமரசம் செய்பவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு அம்மா. தா. பக்கத்தில் இரண்டு வக்கீல், ஒரு லேப்டாப், தண்ணீர் பாட்டில் ஆறு. எனக்கு வக்கீலம்மாவும் ஒரு மஞ்சள் பையும்.

பத்திரத்தை நீட்டினேன். நீதிபதியம்மா ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "கையெழுத்து எங்கே?"

"சாமி எடுத்துக்கிச்சிம்மா." வக்கீலம்மா என் காலை மிதித்தாள்.

நீதிபதியம்மா தா.வைக் கேட்டார், அவனிடம் இருந்த பிரதி எங்கே என்று. "வெள்ளத்துல போயிடிச்சிம்மா. ஆனா அப்படி ஒரு பேச்சு நடந்தது வாஸ்தவம். எழுத்துல இன்னா இருந்திச்சின்னு எனக்கு ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! எட்டு ஸ்வரமும் ஞாபகம் இருக்கிறது, இலை இல்லாத பழம் ஞாபகம் இருக்கிறது.

"ஏகாம்பரம், உங்ககிட்ட நகல், போட்டோ, எதாவது இருக்கா? இருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி போகும்."

தா. என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு நேரே ஜூஸ் கடை. துப்பட்டா சுற்றியிருந்தாலும் நடையும் உட்காரும் விதமும் தெரியாதா, தினமும் லைனில் பார்க்கிறவனுக்கு? தெரிந்திருக்கும். தெரிந்திருக்காது. இன்னும் சந்தேகம்தான்.

"இருக்கா இல்லையா?"

"இல்லைங்கம்மா."

மூன்று முறை கேட்டார். மூன்று முறை சொன்னேன். என் வாழ்க்கையில் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே பொய்.

முடிவு: பழமும் பெயரும் அவனுக்கு. ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். வேண்டாம், ஒரு வாரம் போதும் என்றேன். சக்கரவர்த்தி கெஞ்சமாட்டான்.

மாடிப்படியில் தா. பின்னாலேயே வந்தான். "அண்ணே. காப்பி எதுவும் இல்லன்னு சொன்னியே, நெசமாவா?"

"உன் மூளைய ஒரு மெஷின்ல போட்டுப் பாருடா. அது சொல்லும்."

சிரித்தான். கண் சிரிக்கவில்லை. "பெருசா ஆயிடிச்சிண்ணே, இப்ப என் கையில இல்ல" என்றான். எது பெரிதாயிற்று என்று சொல்லவில்லை. போய்விட்டான்.

ஜூஸ் கடையில் வசந்தி துப்பட்டாவை அவிழ்த்திருந்தாள். "ஏன் கூப்பிடல?"

"தேவப்படல. அந்தம்மா வேணாம்னுட்டாங்க."

"பொய்."

"சாத்துக்குடி ஜூஸ் சொல்லட்டா?"

குடித்தாள். பஸ் ஏறினோம். தாம்பரம் தாண்டித் தூங்கிப்போனாள். தலை என் தோளில் சாய்ந்தது. தெரியாமல்தான் சாய்ந்திருக்கும்.

ஐப்பசி 17, ஞாயிறு

வெயில், தூறல், வெயில்.

காலையிலிருந்து வேனைச் சுரண்டுகிறோம், நானும் செல்வமும். பழம் அவ்வளவு லேசில் போகவில்லை. கீழே மூன்று அடுக்குப் பெயிண்ட், ஒவ்வொன்றிலும் ஒரு பழம். செல்வம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தான். பெயிண்ட் தூசி என்றான். இருக்கட்டும், நம்புகிறேன்.

புதுப்பெயருக்கு யோசனைகள்:
செல்வம்: ஏகாம்பரம் அண்ட் பார்ட்டி. (பார்ட்டி எங்கே?)
சரோஜா: நிம்மதி.
நான்: அகில உலகப் பேரண்ட இசைச் சக்கரவர்த்திகள். வேனில் இடம் போதாது.

பதினோரு மணிக்கு வசந்தி. கையில் மைசூர்பாகு, இன்னொரு கையில் கவர். நேற்று கடிதம் வந்துவிட்டதாம். நிரந்தரம். மேல்பக்கம் பழம், இலை இல்லாமல், தங்க நிறத்தில். அத்தையின் வாயில் ஒன்றை ஊட்டினாள், செல்வம் கையில் ஒன்று. என்னிடம் வந்து வேனைப் பார்த்தாள். பாதி பழம் மிச்சம்.

"அன்னிக்கி மூணு தரம் கேட்டாங்களாமே."

"யாரு சொன்னது?"

"முதலாளி. கடுதாசி குடுக்கும்போது. உங்க மாமா மூணு தரமும் இல்லன்னாரும்மா, அப்டின்னு மட்டும் சொன்னாரு."

ஆக, அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? ஜன்னலுக்கு முன்பா, பின்பா? தெரிந்தே கடிதம் கொடுத்தானா? இதற்கு ஒரு தனி நோட்டு வாங்கவேண்டும்.

போனை எடுத்தாள். அந்தப் படம். "இத வெச்சிக்கினே இருந்தா எப்பவாச்சும் எடுத்துக் குடுத்துடுவேன் மாமா. என்ன எனக்குத் தெரியும். அழிச்சிடு."

"நீயே அழி."

"நீ அழி."

கையெல்லாம் பெயிண்ட். கண்ணாடி உள்ளே இருக்கிறது. எதை அழுத்துவது என்று தெரியவில்லை, எல்லாம் பொடிப் படம். விரல் இங்கும் அங்கும் போனது. அவள் என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள், எடுக்கவில்லை.

அழுத்தினேன்.

அப்புறம் மைசூர்பாகை என் வாயில் திணித்துவிட்டு, செல்வம் கையிலிருந்த சுரண்டியை வாங்கி மிச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். பக்கவாட்டில் அழுத்தக்கூடாது, மேலிருந்து கீழே இழுக்கணும், எங்க லைன்ல அப்படித்தான் என்றாள்.

புதன்கிழமை கல்யாண வரவேற்பு. அதற்குள் ஏதாவது எழுதியாகவேண்டும்.